இன்ரநெற் இல்லாத காலத்தில் புத்தகத்தை வைத்து அசெம்பிளி எப்படிப் பழகினார்கள்? இப்போதும் அப்படிப் பழகலாமா?

கோணேசபுரி கம்பஸில் கம்பியூட்டர் சயன்ஸ் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “80களில் இன்ரநெற் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. வெறும் புத்தகத்தை வைத்தே அசெம்பிளி பழகினோம் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, இது மட்டும் எப்படி உதவியது? இப்போது நானும் அந்த வழியில் பழகலாமா? எந்த மெசின், எந்தப் புத்தகம்?”

பழகலாம். அசெம்பிளி என்றால் புரோசசர் செய்யும் ஒவ்வொரு சின்னக் கட்டளையையும் நாமே எழுதும் மொழி. மெசின், இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். நிஜப் பெட்டியைத் தேடி அலையத் தேவையில்லை, லப்டொப்பில் எமுலேட்டர், அதாவது பழைய மெசினைப் போல நடிக்கும் மென்பொருள், போதும். புத்தகம் மூன்று, அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இவற்றோடு சதுரக்கோடு போட்ட கொப்பி ஒன்று, பென்சில், அழிறப்பர். கொப்பியைப் பேச்சுக்குச் சேர்க்கவில்லை. அந்தக் காலத்தில் புரோகிராம் எழுதி முடிந்தது கொப்பியில்தான். புத்தகம் சொன்னதை எடுத்துத் தாளில் ஒவ்வொரு பைட்டாக (0 முதல் 255 வரையான ஓர் எண்) ஓடவிட்டுப் பார்ப்போம். மெசினில் ஏற்றுவது கடைசி வேலை. சுரைக்காய் கறிக்கு உதவியது அப்படித்தான்.

முதலில், ஏன் ஸ்பெக்ட்ரம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு எங்கள் ஊர்க் காரணமும் இருக்கிறது. அது 1982இல் இங்கிலாந்தில் சின்கிளேயர் நிறுவனம் விட்ட வீட்டுக் கொம்பியூட்டர் பெட்டி. அந்தக் காலத்தில் அங்கே மின்சாரம் 240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இங்கே 230, அதே 50. அங்கும் ரீவிக்குப் படம் அனுப்பியது பால் (PAL) முறையில், இங்கும் பால். ஆகவே லண்டனிலிருந்து வந்தவர் பெட்டியைக் கையில் கொடுத்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவர்களின் சதுர முள் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு எங்கள் உருண்டை முள் பிளக்கைப் பூட்டுவது. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்போமர், அதன் பிறகும் அவர்களின் என்டிஎஸ்சி முறைப் படம் எங்கள் ரீவியில் ஒழுங்காக நிற்காது. இன்னொரு சின்ன விசயம் உண்டு. பிரித்தானிய ரீவியிலும் எங்கள் ரீவியிலும் படம் ஒன்றுதான் என்றாலும் படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான அலைவரிசை இடைவெளி வேறு, அப்போது அங்கே 6 மெகாஹேர்ட்ஸ், இங்கே 5.5. கொமடோர் 64 போன்ற பெட்டிகள் ஒலியை ரீவி வழியாக அனுப்பும், அதனால் லண்டன் பெட்டி இங்கே படம் காட்டும், பாடாது. ஸ்பெக்ட்ரமில் ஒலி பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கீச்சிடும். ஆகவே அந்தப் பிரச்சினையே எழவில்லை.

ரூபவாகினி தொடங்கியதும் அதே 1982. வீட்டுக்கு ரீவி வந்து கொஞ்சக் காலத்திலேயே அதில் கொம்பியூட்டரைப் பூட்டுகிறேன் என்று நின்றால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். செய்தி நேரத்தில் ரீவி எங்களுக்கு இல்லை. நாடகம் போகும்போது இல்லவே இல்லை. கரண்டும் நினைத்த நேரம் போகும். ஊரடங்கு போட்டால் வெளியே போக முடியாது, உள்ளே மெசினும் கிடைக்காது. இருந்தது புத்தகமும் கொப்பியும். இப்போது யோசித்தால் அந்தத் தட்டுப்பாடுதான் ஒழுங்காகப் பழக வைத்தது போலிருக்கிறது. நாள் முழுக்க மெசின் கையில் கிடைத்திருந்தால் நானும் விளையாட்டு பதிந்த கசெட் ரேப்பைப் போட்டுவிட்டு இருந்திருப்பேன்.

சரி, விசயத்துக்கு வருவோம். இந்தப் பெட்டியைப் புத்தகத்தில் படிக்க முடிந்ததற்கு முதற்காரணம் அதன் அளவு. உள்ளே இருப்பது இசட்80 புரோசசர், 3.5 மெகாஹேர்ட்ஸ். முகவரிகள் 0 முதல் 65535 வரை, அவ்வளவுதான். அதில் முதல் 16384 பைட் ரொம், அதாவது பெட்டியோடு வரும் மாற்ற முடியாத நினைவகம்: பேசிக் மொழி, விசைப்பலகையைப் பார்க்கும் வேலை, எழுத்தைத் திரையில் போடும் வேலை, ரேப்பில் பதியும் வேலை எல்லாம் அதற்குள். 16384இல் திரை தொடங்குகிறது, 6144 பைட். 22528இலிருந்து 768 பைட் நிறங்களுக்கு. 23552இலிருந்து சிஸ்டம் தன் சொந்தக் கணக்குகளை வைத்திருக்கும் இடம். அதற்கு மேலே பேசிக் புரோகிராம், அதற்கும் மேலே நாங்கள் எழுதும் கோட். ஒரு பக்கத்தில் வரைந்து சுவரில் ஒட்டிவிடலாம். உங்கள் லப்டொப்பின் நினைவக வரைபடத்தை யாராவது அப்படிச் சுவரில் ஒட்டியதைப் பார்த்திருக்கிறீர்களா? இதில் மறைவு எதுவும் இல்லை. நடுவில் நின்று ‘அங்கே போகாதே’ என்று தடுக்கும் ஒப்பரேட்டிங் சிஸ்டமும் இல்லை. திரையில் ஒரு புள்ளி வேண்டுமா, அந்த முகவரியில் எண்ணை எழுது, புள்ளி வரும்.

பெட்டியோடு வந்த கையேட்டிலேயே 26ஆம் அத்தியாயம் மெசின் கோட், அதாவது புரோசசர் நேரடியாக வாசிக்கும் எண் கட்டளைகள், பற்றியது. மிகச் சின்ன அத்தியாயம். அதில் வரும் உதாரணம் நான்கே பைட்: 1, 99, 0, 201. பிசி (BC) என்ற ரெஜிஸ்டர் சோடிக்குள் 99ஐ வை, திரும்பிப் போ. ரெஜிஸ்டர் என்பது புரோசசருக்குள் ஒரு பைட் பிடிக்கும் சின்னப் பெட்டி, சோடி என்றால் இரண்டு பைட். பேசிக்கிலிருந்து யூஎஸ்ஆர் (USR) என்ற சொல்லால் இதைக் கூப்பிட்டால் பிசியில் இருப்பதையே விடையாகத் தரும், ஆகவே திரையில் 99 என்று வரும். கணக்குப் போட்டு எடுத்த 99 இல்லை, நீங்கள் வைத்ததே திரும்பி வருகிறது. பலர் இதைப் பார்த்துவிட்டு “இதற்கா இவ்வளவு?” என்று கையேட்டை மூடினார்கள். உண்மையில் அந்த நான்கு பைட்டில் பாதிப் பாடம் இருக்கிறது. 99 ஏன் 99, 0 என்று இரண்டு பைட்டாக எழுதப்படுகிறது? சின்ன பைட் முதலில், பெரிய பைட் பிறகு என்பதால். 201 இல்லாவிட்டால் என்ன நடக்கும்? புரோசசர் நிற்காது, அதற்கு அடுத்த முகவரியில் என்ன குப்பை கிடக்கிறதோ அதையும் கட்டளை என்று எடுத்து ஓடும். எங்கே போய் முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் கையேட்டின் முதல் பின்னிணைப்பைத்தான் நான் அதிகம் புரட்டியது. 0 முதல் 255 வரை எழுத்து அட்டவணை. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த எழுத்து என்று இருக்கும், அதற்குப் பக்கத்து நிரலில் அதே எண் இசட்80க்கு எந்தக் கட்டளை என்றும் இருக்கும். அசெம்பிளர் என்ற மென்பொருள் கையில் இல்லாதவருக்கு அதுதான் அசெம்பிளர். கட்டளையைச் சொல்லாக எழுதிக்கொண்டு, அட்டவணையில் எண்ணைத் தேடி, பக்கத்தில் எழுதிக்கொண்டு போவது. இதைக் கையால் அசெம்பிள் செய்வது என்பார்கள்.

சொல்லிக்கொண்டே போவதைவிட ஒன்றைச் செய்து காட்டுகிறேன். திரையின் இடது மேல் மூலையில் ‘ப’ எழுதுவோம். எட்டுக்கு எட்டுச் சதுரத்துக்குள் அழகாக அடங்கும் தமிழ் எழுத்துகளில் ‘ப’வும் ‘ட’வும் முதலில் நிற்கும். கொப்பியில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, இடது பக்கம் மேலிருந்து கீழ் ஒரு கோடு, ஏழாவது நிரலில் இன்னொரு கோடு, ஏழாவது வரியில் இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. எட்டாவது வரியும் எட்டாவது நிரலும் வெறுமை, அடுத்த எழுத்தோடு ஒட்டாமல் இருக்க. ஒவ்வொரு வரியும் ஒரு பைட். இடது ஓரப் புள்ளி 128, ஏழாவது புள்ளி 2. ஆகவே முதல் ஆறு வரியும் 130. ஏழாவது வரியில் ஏழு புள்ளியும் எரியும், 254. கடைசி வரி 0.

இனி இதைத் திரைக்கு அனுப்பும் கோட். 32768இலிருந்து எழுதுவோம், நினைவில் வைக்க இலேசான இடம்.

33, 0, 64: எச்எல் என்ற சோடிக்குள் 16384, அதாவது திரையின் முதல் பைட்டின் முகவரி. 64 பெருக்கல் 256 என்றால் 16384, அதனால் சின்ன பைட் 0, பெரிய பைட் 64. அடுத்து 17, 15, 128: டிஇ சோடிக்குள் 32783, எங்கள் ‘ப’வின் எட்டு பைட் தொடங்கும் இடம். அடுத்து 6, 8: பி ரெஜிஸ்டருக்குள் 8, எத்தனை தரம் சுற்ற வேண்டும் என்ற கணக்கு. இனிச் சுற்று. 26: டிஇ காட்டும் இடத்தில் இருப்பதை ஏ ரெஜிஸ்டருக்குள் எடு. 119: ஏயில் இருப்பதை எச்எல் காட்டும் இடத்தில் எழுது. 19: டிஇயை ஒன்று கூட்டு. 36: எச்சை ஒன்று கூட்டு. 16, 250: பியை ஒன்று குறை, இன்னும் பூச்சியம் ஆகவில்லை என்றால் ஆறு பைட் பின்னால் போ. கடைசியில் 201, திரும்பிப் போ.

எண்ணிப் பாருங்கள், கட்டளைகள் 15 பைட். அதனால்தான் எழுத்தின் தரவு 32768ஓடு 15 கூட்டி 32783இல் தொடங்குகிறது. இந்த 15ஐ முதலில் எழுதவே முடியாது, ஏனென்றால் கோட் எழுதி முடியும்வரை நீளம் தெரியாது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, கடைசியில் வந்து நிரப்புவோம். நடுவில் ஒரு கட்டளையைச் சேர்த்தால் வட்டம் போட்ட எல்லா எண்ணும் மாறும். அதற்குத்தான் அழிறப்பர். அசெம்பிளர் ஏன் இரண்டு தரம் கோடை வாசிக்கிறது என்று உங்கள் பாடத்தில் வரும்போது இந்த வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தரம் நீளத்தை அளக்க, இரண்டாம் தரம் வட்டங்களை நிரப்ப.

250 எப்படி ‘ஆறு பின்னால்’ ஆனது? 256இலிருந்து 6ஐக் கழித்தால் 250. உயர்தர ஐசிரி பாடத்தில் இரண்டின் நிரப்பி என்று ஒரு பக்கம் படித்திருப்பீர்கள், பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்து. அது இதற்குத்தான். எங்கிருந்து எண்ணுவது என்பதில் கவனம் வேண்டும். அந்த இரண்டு பைட்டையும் வாசித்து முடித்துப் புரோசசர் அடுத்த கட்டளையில் நிற்கிறது. அங்கிருந்து பின்னால் எண்ண வேண்டும்: 250, 16, 36, 19, 119, 26. ஆறு. ஒன்று பிசகினால் 119இலோ 6க்குப் பின்னால் வரும் 8இலோ போய் விழும், பிறகு கதை வேறு.

இப்போது இதன் உயிர்நாடிக்கு வருகிறேன். திரையில் அடுத்த வரிக்குப் போக ஏன் எச்சை மட்டும் கூட்டினோம்? எச் என்பது பெரிய பைட், அதை ஒன்று கூட்டினால் முகவரி 256 கூடும். திரையின் ஒரு வரிக்கு 32 பைட்தானே, 32 கூட்ட வேண்டாமா என்று யாரும் கேட்பார்கள். கூட்டக் கூடாது. ஸ்பெக்ட்ரமின் திரை மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 2048 பைட். துண்டுக்குள் முதலில் எட்டு எழுத்து வரிகளின் மேல் கோடுகள் வரிசையாக, பிறகு அவற்றின் இரண்டாம் கோடுகள், பிறகு மூன்றாம் கோடுகள், இப்படியே போகும். ரேப்பிலிருந்து விளையாட்டு ஏறும்போது முகப்புப் படம் மேலிருந்து ஒழுங்காக இறங்காமல், எட்டுக் கோட்டுக்கு ஒரு கோடாக யன்னல் கம்பி போல் வந்து, திரும்ப மேலே போய் இடைவெளியை நிரப்பும். பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பார்க்காதவர்கள் எமுலேட்டரில் ரேப்பை நிஜ வேகத்தில் ஏற்றிப் பார்க்கலாம். திரை அப்படி அமைந்ததால் ஒரே எழுத்துக்குள் கீழே இறங்க எச்சைக் கூட்டினால் போதும், அதற்கு ஒரே பைட் கட்டளை, புரோசசரின் கடிகாரத்தில் நான்கு துடிப்பு. வடிவமைத்தவர்கள் பைத்தியம் பிடித்து இப்படி வைக்கவில்லை.

இப்போது கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள்: ஏ, பி, டிஇ, எச்எல். முதல் சுற்றுக்கு முன் பி 8, டிஇ 32783, எச்எல் 16384. சுற்று முடியும்போது ஏ 130, டிஇ 32784, எச்எல் 16640, பி 7. அடுத்த சுற்றில் எச்எல் 16896. இப்படியே எட்டுச் சுற்றும் எழுதினால் கடைசியில் எச் 72, எச்எல் 18432. அந்த எண்ணைத் திரை வரைபடத்தில் பாருங்கள்: திரையின் இரண்டாவது துண்டு தொடங்கும் முகவரி அது. ஆகவே பியில் 8க்குப் பதிலாக 9 வைத்தால் ஒன்பதாவது பைட் ‘ப’வுக்குக் கீழே வராது, நடுத் திரையின் மேல் மூலையில் போய் விழும். செய்து பாருங்கள், தரவின் கடைசியில் 255 ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் நன்றாகத் தெரியும். தாளில் எழுதிப் பார்த்தவருக்கு அந்தக் கோடு எங்கே வரும் என்று மெசினைப் போடுவதற்கு முன்பே தெரியும். தட்டிப் பார்த்துப் பழகுபவருக்கு அது ஏதோ பிழை.

மெசினில் ஏற்ற பேசிக்கில் சின்னப் புரோகிராம் வேண்டும். கிளியர் (CLEAR) 32767 என்று கொடுத்து பேசிக் அதற்கு மேலே வராமல் தடுத்துவிட்டு, 32768இலிருந்து 32790 வரை ஒரு ஃபோர் வளையத்தில் ஒவ்வோர் எண்ணாக ரீட் (READ) செய்து, போக் (POKE) கட்டளையால் அந்த முகவரியில் எழுதுங்கள். டேட்டா வரி இது:

33, 0, 64, 17, 15, 128, 6, 8, 26, 119, 19, 36, 16, 250, 201, 130, 130, 130, 130, 130, 130, 254, 0

மொத்தம் 23 பைட். பிறகு ராண்டமைஸ் யூஎஸ்ஆர் (RANDOMIZE USR) 32768 என்று கொடுத்து ஓடவிடுங்கள். ‘ப’ வந்து நிற்கும்.

இதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதையும் தாளிலேயே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை துடிப்பு என்று புத்தகத்தில் இருக்கிறது. சுற்றுக்குள் 7, 7, 6, 4, 13, கூட்டினால் 37. எட்டுச் சுற்று, கடைசிச் சுற்றில் திரும்பாததால் 5 குறைவு, முன்னும் பின்னும் இன்னொரு 37. மொத்தம் 328. நொடிக்கு 35 இலட்சம் துடிப்பு, ஆகவே ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடி. திரையின் நினைவகத்தை வீடியோ சிப்பும் வாசிப்பதால் கொஞ்சம் பிந்தும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். வேகம்தான், ஆனால் கணக்கை நிறுத்தாமல் போட்டுப் பாருங்கள். திரையில் 768 எழுத்து இடம். ஒவ்வொன்றுக்கும் 300 துடிப்பு என்றாலும் இரண்டு இலட்சத்து முப்பதாயிரம். நொடிக்கு 50 தரம் திரை புதுப்பிக்கப்படுகிறது, ஒரு தரத்துக்குள் கிடைப்பது 69,888 துடிப்பு. ஆக, முழுத் திரையையும் இப்படி எழுதி ஒரு தரத்துக்குள் முடிக்கவே முடியாது. அந்தக் கால விளையாட்டுகளில் ஏன் திரையின் ஒரு பகுதி மட்டும் அசைந்தது, ஏன் சில விளையாட்டுகள் எட்டுப் புள்ளி தாவித் தாவி நகர்ந்தன என்பதற்கு இந்தக் கூட்டல்தான் விடை. அல்கோரிதத்தின் செலவு என்று கம்பஸில் படிப்பதை நாங்கள் இப்படித் துடிப்புத் துடிப்பாக எண்ணிப் பழகினோம்.

பிழைத்தால் என்ன நடக்கும்? பேசிக்கில் பிழைத்தால் மெசின் திட்டும், எந்த வரி என்றும் சொல்லும். மெசின் கோடில் பிழைத்தால் ஒரு சொல்லும் வராது. திரையில் நிறங்கள் சிதறி அப்படியே உறையும், அல்லது திரை வெளுத்து 1982 சின்கிளேயர் என்ற முதல் வரி வரும். இரண்டிலும் உள்ளே இருந்தது எல்லாம் போய்விட்டது. ஸ்பெக்ட்ரமுக்கு ரீசெட் பொத்தானும் கிடையாது, ஓன் ஓஃப் சுவிட்சும் கிடையாது, வயரைப் பிடுங்கிப் பூட்ட வேண்டும். அதனால் ஓடவிடுவதற்கு முன் ரேப்பில் பதிவது பல் விளக்குவது போலக் கட்டாயம் ஆனது. பதிவதற்கும் திரும்ப ஏற்றுவதற்கும் நேரம் எடுக்கும், ரேப் ரெக்கோடரின் ஒலிக் குமிழ் ஒரு மயிரிழை மாறினாலும் ஏறாது. ஒரு பிழைக்கு இவ்வளவு தண்டனை என்றால் யாரும் தாளில் இரண்டு தரம் சரிபார்ப்பார்கள்.

தாளில் சரியாக இருந்தும் மெசின் விழும் இடம் ஒன்று உண்டு, புதியவர்களுக்கு அது பெரிய தலைவலி: ஐவை என்ற ரெஜிஸ்டர். ரொம்மில் இருக்கும் விசைப்பலகை வேலை நொடிக்கு 50 தரம் குறுக்கே வந்து போகும். அது ஐவையில் 23610 இருக்கிறது என்று நம்பி நடக்கும். நீங்கள் ஐவையை எடுத்து வேறு வேலைக்குப் போட்டால் அது எங்கேயோ எழுதும், உங்கள் கோடில் ஒரு பிழையும் இல்லாமலே எல்லாம் கவிழும். ஆரம்பத்தில் ஐவையைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

இனிப் புத்தகங்கள். பெட்டியின் கையேட்டைக் கணக்கில் எடுக்கவில்லை, அது எப்படியும் வேண்டும், இணையத்தில் கிடைக்கிறது.

முதலாவது, அஸ்போர்ன் பதிப்பகம் 1983இல் சிறுவர்களுக்காக விட்ட ‘மெசின் கோட் ஃபோர் பிகினர்ஸ்’. படம் போட்ட மெல்லிய புத்தகம். கம்பஸ் மாணவருக்குச் சிறுவர் புத்தகமா என்று முகம் சுளிக்க வேண்டாம். இசட்80, 6502 என்ற இரண்டு புரோசசரையும் சேர்த்தே சொல்கிறது, கையால் அசெம்பிள் செய்வதையும் ஒளிக்காமல் கற்றுத்தருகிறது. பதிப்பகமே தன் பழைய கொம்பியூட்டர் புத்தகங்களை இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது, இதுவும் அதில் ஒன்று.

இரண்டாவது, ரொட்னே ஸாக்ஸ் எழுதிய ‘புரோகிராமிங் த இசட்80’, 1979இல் முதலில் வந்தது. அறுநூறு பக்கத்துக்கு மேல். தொடக்கத்திலிருந்து வாசிக்க எடுத்தால் நித்திரை வரும். தேடி எடுத்தால் தங்கம். ஒவ்வொரு கட்டளைக்கும் அது எந்த ரெஜிஸ்டரிலிருந்து எதற்குப் போகிறது, எந்தக் கொடிகள் (விடை பூச்சியமா, மீதி வந்ததா என்று காட்டும் பிட்கள்) மாறும், எத்தனை துடிப்பு என்று படத்தோடு இருக்கும். எங்கள் ஊரில் இப்படிப் புத்தகம் இருந்த வீடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. யாரிடமோ இருந்த பிரதியின் போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பிதான் கை மாறியது. எட்டும் மூன்றும் பிரித்தறிய முடியாத அளவுக்கு மங்கியிருந்த பக்கங்களை, இந்தக் கட்டளைக்கு எட்டுத் துடிப்பு வர முடியுமா என்று யோசித்துத்தான் வாசித்தோம். அதுவும் ஒரு பயிற்சி, யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

மூன்றாவது, 1983இல் இயன் லோகனும் பிராங்க் ஓஹாராவும் எழுதிய ஸ்பெக்ட்ரம் ரொம்மின் முழு டிஸ்அசெம்பிளி. அந்த 16384 பைட்டையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் பெரிய வாத்தியார். மற்றவை எழுத்துக்கூட்டச் சொல்லித்தரும், இதில்தான் ஒருவர் எழுதிய முழுப் புத்தகத்தை வாசிக்கிறீர்கள். ஓர் எழுத்தைத் திரையில் போட ரொம் எந்தெந்த வழியாகப் போகிறது என்று ஒரு கிழமை தொடர்ந்து பாருங்கள், எங்கள் 15 பைட் ஏன் அதைவிட வேகம் என்பதும், அது செய்யாமல் விட்ட வேலைகள் எவை என்பதும் விளங்கும். முதல் மாதத்தில் திறக்க வேண்டாம், தலை சுற்றும்.

சஞ்சிகைகளில் பக்கம் பக்கமாக எண்கள் அச்சிட்டு வருமே, தட்டி ஏற்றினால் விளையாட்டு ஓடும் என்று, அவற்றில் பழகினேன் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எண்களைப் பார்த்துத் தட்டினால் விரல்தான் பழகும்.

6502 பக்கம் போகலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகப் போகலாம். கொமடோர் 64இலும் பிபிசி மைக்ரோவிலும் அந்தக் குடும்பம்தான். ரெஜிஸ்டர் மூன்றுதான், ஏ, எக்ஸ், வை. பழகுவது சுலபம், ஆனால் 16 பிட் முகவரி ஒன்றைத் தூக்கித் திரிய இடமில்லாததால் நினைவகத்தின் முதல் 256 பைட்டை ரெஜிஸ்டர் போலப் பாவிக்கப் பழக வேண்டும். பிபிசி மைக்ரோவில் பேசிக்குக்குள்ளேயே அசெம்பிளர் இருந்தது, சதுர அடைப்புக்குறிக்குள் கட்டளையை எழுதினால் அதுவே எண்ணாக்கிவிடும். வசதிதான். அந்தப் பெட்டியைச் செய்த ஏகோர்ன் நிறுவனத்தில்தான் பிறகு ஆர்ம் புரோசசர் பிறந்தது, முதல் சிப் 1985இல். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனில் ஓடுவது அதன் வாரிசு. இசட்80இன் பக்கமும் சொந்தம் இல்லாமல் இல்லை. அது இன்டெல் 8080 புரோசசரின் கட்டளைகளை அப்படியே ஓட்டும்படி செய்தது. பல லப்டொப் புரோசசர்களுக்கு முன்னோடியான இன்டெல்லின் 8086உம் 8080க்கு எழுதியதை மாற்றியெடுக்க வசதியாகச் செய்ததுதான். உங்கள் லப்டொப்பின் அசெம்பிளியில் நினைவகத்தைத் துண்டோடு நகர்த்தும் கட்டளையைப் பார்த்தால் இசட்80இன் எல்டிஐஆரின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று உடனே தெரியும்.

இப்போது எப்படித் தொடங்குவது? ஃபியூஸ் என்ற எமுலேட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அதற்குள் டிபக்கர் இருக்கிறது, ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி ரெஜிஸ்டர்களைக் காட்டும். முதல் சில கிழமைக்கு அதைத் திறக்காதீர்கள். கொப்பியில் நான்கு நிரல் போட்டு ஓட்டிய பிறகு, உங்கள் விடை சரியா என்று பார்க்க மட்டும் திறவுங்கள். இல்லாவிட்டால் மெசின் ஓடும், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அசெம்பிளர் மென்பொருளும் அப்படித்தான். கையால் ஐம்பது அறுபது பைட் புரோகிராம் ஒன்றை எழுதி, நடுவில் ஒரு கட்டளையைச் சேர்க்க வேண்டி வந்து, வட்டம் போட்ட எண்களையெல்லாம் அழித்து எழுதி எரிச்சல் வரட்டும். அந்த எரிச்சல் வந்த அன்றைக்கு பாஸ்மோ போன்ற அசெம்பிளர் ஒன்றை எடுங்கள். அது என்ன வேலையை உங்கள் தலையிலிருந்து இறக்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே என்று பயப்பட வேண்டாம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுத்தான் நாங்களும் இவற்றை வாசித்தோம். திரும்பத் திரும்ப அதே சொற்கள்தான் வரும், இரண்டாம் அத்தியாயத்தில் பழகிவிடும்.

முதல் பயிற்சி, ‘ப’வை ‘ட’வாக மாற்றுவது. ஆறு வரிக்கு 128, மற்றதெல்லாம் அதே, நிமிட வேலை. இரண்டாவது, ‘படம்’ என்று எழுதுவது. ‘ம்’ எட்டுக்கு எட்டுக்குள் அடங்காமல் அடம்பிடிக்கும். புள்ளிக்கு ஒரு வரி விட்டு ‘ம’வைச் சுருக்குவதா, மூன்று எழுத்தையுமே ஒரு வரி கீழே இறக்குவதா என்று நீங்களே தீர்மானியுங்கள். மூன்றாவதுதான் உண்மையான பயிற்சி: ‘ப’வை எழுத்துக் கட்டத்தின் மேல் விளிம்பில் தொடங்காமல், திரையின் மூன்றாவது கோட்டிலிருந்து எழுதுவது. எட்டு வரியும் ஒரே கட்டத்துக்குள் அடங்காது, எச்சைக் கூட்டிக்கொண்டே போனால் எங்கே போய் விழும் என்று மேலே பார்த்தோம். எச்சைக் கூட்டிய பிறகு அதன் கடைசி மூன்று பிட்டும் பூச்சியம் என்றால் கட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது எல் என்ற சின்ன பைட்டுடன் 32 கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலில் மீதி வந்தால் திரையின் அடுத்த துண்டுக்குள் போய்விட்டோம், எச்சைத் தொட வேண்டாம். மீதி வராவிட்டால் எச்சிலிருந்து 8 குறைக்க வேண்டும். ஏன் அப்படி என்பதை நான் சொல்லமாட்டேன், திரை வரைபடத்தையும் 16 பிட் முகவரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரும். எழுதி ஓடவிட்ட பிறகு கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கோடை மட்டும் அனுப்பினால் பார்க்கமாட்டேன்.